ஐந்தாவது சினை ஊசி

வாத்தியார் வீட்டிலிருந்து போன் என்றாலே கால்நடை டாக்டரம்மாவுக்குத் தலை கனக்கும். ஓய்வு பெற்ற பிறகு மனிதர் மூன்று நாட்டு மாடுகளைப் புதுக் கொட்டகையில் கட்டி, விசிறி மாட்டி, தீவனத்தை அளந்து போட்டு வளர்க்கிறார். பக்கத்துத் தோட்டத்துத் தம்பியோ தன் பாகத்து மாடுகளைக் காலையில் காளையோடு மேய அவிழ்த்து விடுவதோடு சரி. அங்கே வருஷத்துக்கொரு கன்று. இங்கே சிவப்பி என்ற மாட்டுக்கு நாலு சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. பாகம் பிரித்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சும் கிடையாது.

“மூணு மாசமா பருவத்துக்கே வரலை. அஞ்சாவது ஊசியைப் போட்டுடுங்க” என்றார் வாத்தியார், அவள் கொட்டகைக்குள் நுழைந்ததும்.

“வராதப்ப போட்டு என்ன சார் பிரயோஜனம்? எத்தனை தடவை சொல்றது? நாட்டு மாடு சத்தமில்லாம பருவத்துக்கு வந்து போயிடும். கட்டிப் போட்டா நமக்குத் தெரியாது. காளைக்குத்தான் தெரியும்.”

“அப்ப உங்க படிப்பு எதுக்கு?”

பல்லைக் கடித்துக்கொண்டு கையுறையைத் தோள்வரை ஏற்றினாள். சோதித்த கை அப்படியே நின்றது.

“சார், மூணு மாசச் சினை!”

“பாத்தீங்களா! விசிறி மாட்டினேன்ல!”

கடைசி ஊசி போட்டு ஏழு மாதமாகிறது. அதற்கப்புறம் சோதித்து, சினையில்லை என்று சொன்னவளும் அவள்தான். வாளியோடு நின்ற வாத்தியார் மனைவி மெல்ல நழுவப் பார்த்தாள்.

“அக்கா, என்ன நடந்துச்சு?”

“நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கத்துறதைக் கேட்டு எனக்கே வெறுத்துப்போச்சு. மத்தியானம் இவர் கண்ணசந்த நேரமா பாத்து, தெனமும் கொழுந்தனார் மாடுங்களோட விட்டு, இவர் எழுந்திரிக்கறதுக்குள்ள ஓட்டிட்டு வந்தேன்.”

வாத்தியார் தம்பியின் தோட்டத்துப் பக்கம் திரும்பினார்.

“அவன் ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னாரு. மத்த ரெண்டையும் ஏன் அண்ணி ஓட்டிட்டு வரலைன்னு கேட்டாரு.”

வாத்தியார் மற்ற இரண்டு மாடுகளையும் பார்த்தார். “சரி, ஓட்டிட்டுப் போ. ஆனா டாக்டர், உங்க ஆராய்ச்சியில கட்டி வளர்த்த மாடுன்னே எழுதிக்குங்க.”

கட்டி வளர்க்கும் மாடு எப்போது ஈனுகிறது, மேயும் மாடு எப்போது ஈனுகிறது என்று இரண்டு வருஷமாக வீடு வீடாக அலைந்து எழுதிவந்தவளுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது.

“கட்டினதுலயும் சேராது, மேஞ்சதுலயும் சேராது. எதுலயும் எழுத முடியாது சார்!” என்று சிவப்பியின் தாளை உருவிக் கசக்கினாள்.

அதற்குள் வாத்தியார் மனைவி இரண்டாவது மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தாள்.