ஆலமடுவுக்குப் போகும் நாள்

பச்சைமலைக்குப் போக வேண்டும் என்று செங்கமலமும் அவள் கணவன் மாயவனும் பேசத் தொடங்கிய காலத்தில் அவள் தலையில் ஒரு நரைமயிர் இல்லை. இப்போது எண்பத்திரண்டாம் ஆண்டின் பொங்கல் கழிந்துவிட்டது; ஒரே மகளைக் கீழப்பழுவூரில் கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கத்தை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பில், விடிந்ததிலிருந்து அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலைப் பேருந்துக்குப் புறப்பட வேண்டும்.

இந்தப் பயணத்துக்கு வந்த தடைகள் கொஞ்சமல்ல. ஒரு வருடம் மாயவனின் தங்கைக்குக் கல்யாணம். ஒரு வருடம் சுரங்கத்தில் வேலைநிறுத்தம். ஒரு வருடம் மாமியார் படுக்கையில் விழுந்தார், பிறகு எழவில்லை. மற்ற வருடங்களிலெல்லாம் விடுப்புக் கிடைக்கவில்லை. பாறையில் துளையிட்டு மருந்து வைத்துத் தகர்ப்பது மாயவனின் வேலை. அந்த வேலை தெரிந்தவர்கள் குறைவாகையால், அவன் விடுப்புக் கேட்கும்போதெல்லாம் மேலதிகாரி தலையைச் சொறிந்தார். இந்த முறைதான் எட்டு நாள் கொடுத்திருந்தார்கள்.

போக வேண்டிய வழி அவளுக்கு மனப்பாடம். பெரம்பலூரில் பேருந்து மாறி வேப்பந்தட்டையில் இறங்குவது. மலையடிவாரத்தில் மாயவனின் அத்தை வீட்டில் ஓர் இரவு தங்குவது. விடியலில் ஏறத் தொடங்கினால் வெயில் உறைக்குமுன் ஆலமடு. ஓடை பாறையில் தேங்கி நிற்கும் ஆழமான மடு அது. சிறுவயதில் மாயவன் தூண்டில் போட்ட இடம். மடுவுக்கு மேலே அத்தையின் தினைக்காட்டுப் பரண் இருக்கிறது, அதில் படுக்கலாம். பகலெல்லாம் தூண்டில் போடலாம். கிடைத்த மீனைக் கரையிலேயே சட்டியில் வைத்துக்கொள்ளலாம். கல்யாணமான புதிதில் மாயவன் இதைச் சொல்லச் சொல்ல, தண்ணீருக்குள் கெண்டை திரும்பும்போது அதன் வயிறு மின்னுவதை அவள் இங்கிருந்தே பார்த்தாள்.

ஆனால் அவளுக்கு வேண்டியது மீன் அன்று. உச்சிப்பொழுதில் சுரங்கத்தில் வெடி போடுவார்கள். வீடு குலுங்கும், அடுக்கிய ஏனங்கள் ஒன்றோடொன்று உரசும். மாயவனின் கூட்டாளி ஒருவன் கல் தெறித்துச் செத்த நாளிலிருந்து, அந்த நேரத்தில் அவளால் கையில் எடுத்த எந்த வேலையையும் செய்ய முடிந்ததில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கெட்ட சேதியோடு யாரும் ஓடி வரவில்லை என்று நிச்சயமான பிறகே அடுப்புக்குத் திரும்புவாள். ஞாயிற்றுக்கிழமையிலும் பக்கத்துச் சுரங்கத்தில் வெடி போட்டார்கள். இப்படி நடுங்காத ஓர் உச்சிப்பொழுது எப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்துவிட்டாள். இந்தப் பயணத்தில் எட்டு உச்சிப்பொழுதுகள் இருக்கின்றன என்பதுதான் அவள் கணக்கு. இதை அவள் மாயவனிடம் சொன்னதில்லை. சோறு போடும் தொழிலைக் குறை சொல்வது முறையன்று என்று நினைத்தாள்.

சொல்லியிருந்தாலும் அவனுக்குக் கேட்டிருக்குமா என்பது சந்தேகம். வெடி அவன் காதுகளைத் தின்றுவிட்டிருந்தது. எதிரில் நின்று உரக்கப் பேசினால் பாதி கேட்கும். மீதியை வாயசைவைப் பார்த்து ஊகிப்பான். ஊகிக்க முடியாவிட்டால் சிரித்து வைப்பான்.

அவள் பரண்மேலிருந்து தூண்டில் கழிகளை இறக்கித் துடைத்தாள். மயிலிறகின் தண்டை நறுக்கித் தக்கை கட்டியிருந்தது இன்னும் அப்படியே இருந்தது.

“முள்ளெல்லாம் துருவேறிக் கெடக்கு. புதுசா வாங்கியாங்க!” என்று கத்தினாள்.

மாயவன் கழியைப் பார்த்தான். “அதெல்லாம் வேணாம் புள்ள. சும்மா சொமை” என்றான்.

“தூண்டில் இல்லாம மீனு என்ன, கூப்பிட்டா வருமா?”

அவன் சிரித்தான். கேட்டதா, கேட்கவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சற்று நேரத்தில் அரியமுத்து சைக்கிளில் வந்தான். மாயவனோடு வெடி வேலை பார்ப்பவன். மாயவன் திரும்பி வரும்வரை அவன் வேலையையும் சேர்த்துப் பார்க்கப்போகிறவன். துண்டில் சுற்றியிருந்த எதையோ மாயவன் கையில் கொடுத்தான். மாயவன் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பையில் வைக்கத் தொடங்கினான்.

“என்னாங்க அண்ணி, அவனவன் ஊட்டிக்குப் போறான், நீங்க பச்சமலக்கிக் கெளம்பிட்டீங்க?”

“நாங்க என்ன கலெக்டரு வூட்டு ஆளா? எங்களுக்கு அதான் ஊட்டி.”

“அது சரி. இது என்னா கழி? அவரைக்கொடி ஏத்தவா?”

“தூண்டில்டா. கண்ணு அவிஞ்சா போச்சு?”

அரியமுத்து வாய்விட்டுச் சிரித்தான். “தூண்டிலா! ஆலமடுவுலயா! அண்ணே, அண்ணி தூண்டில் போடப் போறாங்களாம்ண்ணே!”

உள்ளிருந்து எட்டிப் பார்த்த மாயவன் தலையாட்டிச் சிரித்துவிட்டு மறுபடியும் பையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இதுல சிரிக்க என்ன இருக்கு?” என்றாள் செங்கமலம்.

“அங்க தவளகூடக் கெடையாதுங்களே அண்ணி. நாலு வருசம் முன்ன ஒரு ஞாயித்துக்கெழம நம்ம ஆளுங்க ஒரு வேன் புடிச்சிப் போனமே, தெரியாதா? சாக்கு சாக்கா அள்ளுனோம். அண்ணந்தான் மருந்து வச்சாரு. ஒரே போடு, அடிப்பாறையே பொளந்துகிச்சு. அதுலேருந்து அந்த மடுவுல தண்ணி தங்கறதே இல்ல.” அவன் பெருமையோடு சைக்கிளை நிமிர்த்தினான். “கீழ சின்ன மடு ஒண்ணு கெடக்காம். ரெண்டு வெடித் தோட்டா இருந்தா அண்ணிக்கிக் கொழம்புக்கு ஆவும்னாரு. அதான் கொண்டாந்தேன். ஆபீஸுல யாருக்கும் தெரியாது. சொல்லிடாதீங்க.”

அவன் மணி அடித்துக்கொண்டே போய்விட்டான்.

செங்கமலத்துக்கு அந்த மீன் நினைவுக்கு வந்தது. ஏரி வற்றியபோது ஊரார் இறங்கிப் பிடித்த மீன் என்று சொல்லி மாயவன் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து போட்டான். அவள்தான் ஆய்ந்தாள். எந்த மீனை எடுத்தாலும் சதை கொழகொழவென்றிருந்தது. நடுமுள் நொறுங்கிக் கிடந்தது. நாள்பட்ட மீன் போலும் என்று நினைத்துப் புளியைக் கூட்டிக் கரைத்து ஊற்றி, தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். நன்றாக இருந்ததென்று எல்லாரும் சொன்னார்கள்.

உள்ளே போய்ப் பையைக் கவிழ்த்தாள். துண்டைப் பிரித்து, மெழுகுத்தாள் சுற்றிய இரண்டு தோட்டாக்களையும் மாயவன் முன்னால் வைத்தாள். அவன் தோட்டாக்களைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

“சொல்லிட்டானா?” என்றான். பிறகு அவனே தொடர்ந்தான்: “உன்ன அவ்ளோ தூரம் நடக்க வச்சிக் கூட்டிப் போயி, வெறும் பாறையவா காட்டறது? எத்தினி வருசமாச் சொல்லிகிட்டு வரேன். ஒரு கூடை மீனாச்சும் கரையில கொட்டிக் காட்டணும்ல?”

“நான் மீனக் கேட்டனா?”

“என்னா?”

“மீனக் கேட்டனான்னேன்!”

“பின்ன என்னாத்த கேட்ட?”

அவள் முதல்முறையாகச் சொன்னாள். இத்தனை வருடம் நெஞ்சுக்குள் மெதுவாகச் சொல்லிப் பழகிய பேச்சை அவன் காதுக்கு எட்டும்படி அடித்தொண்டையிலிருந்து கத்த வேண்டியிருந்தது. “சத்தம் இல்லாத எடத்துல எட்டு நாளு உக்காரணும்!” அவனுக்கு விளங்கவில்லை. திரும்பவும் கத்தினாள். தெருவில் போன யாரோ நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் முறை அவள் குரல் கம்மிவிட்டது. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

கேலியாக எதையும் பேசுகிறவன் அல்லன் மாயவன்.

“எனக்குத்தான் எங்கயும் சத்தமே இல்லியே புள்ள” என்றான். “அதுக்கு எதுக்கு மலைக்கு? இங்கயே உக்காந்துக்கலாமே.”

அவன் மேல் தனக்குக் கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. தோட்டாக்களைக் காலால் சற்று விலக்கிவிட்டு அவனெதிரே உட்கார்ந்தாள்.

“அந்தக் கீழ் மடு இருக்கில்ல? அது போதும். இதெல்லாம் வேணாம். சும்மா தூண்டில் போட்டுட்டு உக்காந்திருப்பம்.”

“போடலாம்” என்றான் அவன், உடனே. அவள் முகம் தெளிவதைக் கண்டு அவனுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. “பரணுலேருந்து எறங்கினா ரோடே வந்துரும். முன்ன மாதிரி முள்ளுல நடக்க வேணாம்.”

“எந்த ரோடு?”

“மேல ரோடு போடறாங்கல்ல? மடுவ ஒட்டித்தான் போவுது. தை மாசத்துலேருந்து பாறைக்கு மருந்து வச்சிகிட்டிருக்காங்க. வைக்கிறவன் நம்ம கூட இருந்த சாமிதுரைதான். காலையில ஒண்ணு, உச்சிக்கி ஒண்ணு. நம்மளக் கண்டா விட மாட்டான், டீயெல்லாம் வாங்கித் தருவான்.”

அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்தவன் ஒருவன் மலைமேல் இருப்பதில் அவனுக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

“போவ வேணாம்” என்றாள்.

அதை அவள் கத்திச் சொல்லவில்லை. வாயசைவிலேயே அவன் கண்டுகொண்டான்.

மாயவன் வற்புறுத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். குறைந்தது, வருத்தமாவது படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தோள்கள் தளர்ந்து இறங்கின. நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான். பிளந்த பாறையை அவளுக்குக் காட்ட வேண்டியதில்லை என்ற நிம்மதி அது. அதை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை.

“அப்ப இத குடுத்துட்டு வந்துடறேன்” என்று தோட்டாக்களைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தான். “லீவ வீணாக்குவானேன்? நாளைக்கே வேலைக்கி வரேன்னும் சொல்லிடறேன். அடுத்த வருசம் கொல்லிமலப் பக்கம் பாப்பம்.”

அவன் படியிறங்கிப் போனான்.

மறுநாள் காலை தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது அடுத்த வீட்டுக் கொளஞ்சியம்மாள் கேட்டாள்.

“ஏண்டி, கெளம்பலியா? பெரம்பலூரு பஸ்ஸு போயி எந்நேரம் ஆச்சு!”

“அவருக்கு லீவு இல்லன்னுட்டாங்கக்கா.”

“நல்லாருப்பானுங்களா அவனுங்க? குடுத்த லீவப் புடுங்கறதுக்கு ஒரு மனசு வேணும்ல? எத்தினி வருசமா நீ ஆசப்பட்ட!” என்று சுரங்கத்து அதிகாரிகளை வரிசையாக வையத் தொடங்கினாள் கொளஞ்சியம்மாள்.

செங்கமலம் அதைத் தடுக்கவில்லை. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள். வைதுகொண்டே கொளஞ்சியம்மாள்தான் குனிந்து குழாயை நிறுத்தினாள்.