கெலெராவைத் தவிர எல்லோருக்கும்

"சிரிச்சுக்கிட்டா வந்தா?"

"சிரிச்சுக்கிட்டுதான் அக்கா. என் ரொட்டிப் பொட்டலத்துல ஒண்ணைப் பிடுங்கித் தின்னுட்டு, உங்கம்மா உருளைக்கிழங்கை எண்ணி எண்ணித்தான் வெப்பாங்களான்னு கிண்டல் வேற."

"அப்பா போன அன்னிக்கா?"

"அதான் நானும் வாயைத் திறக்கல. என்னன்னு கேக்கறது?"

"கேக்கக் கூடாதுடா. நாளைக்கு நாம எல்லாரும் துக்கத்துக்குக் கொடுக்கப் பாய் எடுத்துக்கிட்டு ஒண்ணா அவ வீட்டுக்குப் போவோம். பெரியவர் ஒருத்தர் நம்ம சார்பா பேசுவார். அதுக்கு முன்னாடி நடைபாதைல நிறுத்தி, ஐயோ பாவம்னு சொன்னா அது அவமரியாதை."

"தெரியும்க்கா. நானும் சுவாலதான் பொறந்தேன்."

"பொறந்து என்ன பிரயோசனம்? போன தடவை சாவு வீட்டுக்கு மஞ்சச் சட்டைல வந்து நின்னவன்தானே நீ."

அகோசிதா அக்கா எங்கள் கலோகலோ குழுமத்தின் தலைமைச் செய்தி ஆசிரியர். நான் பிரஷ்னீல், அவருக்குக் கீழே இணையதளத்தைக் கவனிப்பவன். எங்கள் கட்டடத்தில் தரைத்தளம் நாளிதழுக்கு, முதல் மாடி மூன்று வானொலிகளுக்கு, இரண்டாம் மாடி இணையத்துக்கு, மூன்றாம் மாடி தொலைக்காட்சிக்கு. ஃபிஜியில் ஒருவர் எங்கள் வாயிலிருந்து தப்ப வேண்டுமென்றால் கடலுக்குள்தான் போக வேண்டும் என்று தரைத்தளத்து ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். கடலிலும் மீனவர்கள் எங்கள் வானொலியைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது கெலெராவைப் பற்றி. முதல் மாடியில் ஃபிஜி மொழி வானொலியில் நேயர் விருப்பம் நடத்துபவள். அவள் அப்பா ரது வதிலியாய், அடுத்த தீவில் லம்பாசா கரையோர ஊர்களின் தலைவர். ஒரு மாதமாக லம்பாசா மருத்துவமனையில் இருந்தவர், அன்று காலை பத்து மணிக்குக் காலமாகிவிட்டார்.

தலைவர் ஒருவரின் மரணத்தை நாங்கள் உடனே சொல்வதில்லை. முதலில் அவருடைய ஊர்த் தூதர்கள் திமிங்கலப் பல்லைக் கையில் ஏந்தி, சொல்ல வேண்டிய வீடுகளுக்குப் போய், முட்டி போட்டு உட்கார்ந்து, வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் செய்தி எங்களுடையது. மதியம் ஒரு மணிக்கு ஊரின் தலைமைத் தூதர் அகோசிதா அக்காவை அழைத்து, "எல்லா வீட்டுக்கும் ஆள் போயாச்சும்மா. நாலு மணிக்கு மேல நீங்க சொல்லலாம்" என்றார். ஆள் போய்விட்டால் சொல்லியாகிவிட்டது என்றுதான் பொருள். பல் ஏந்திப் போனவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, சொல்லிவிட்டாயா என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்பது அவரைச் சந்தேகிப்பது.

நாலரை மணிக்கு நான் பொத்தானை அழுத்தினேன். நாலு தளத்துக்கும் ஒரே பொத்தான்தான். கைபேசிகளுக்குச் செய்தி பறந்தது, தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடியது, நாளிதழின் முதல் பக்கத்தில் இடம் பிடித்தது, வானொலியின் ஐந்து மணி வாசிப்புத் தாளில் முதல் வரியாக உட்கார்ந்தது.

இப்போது மணி நாலு நாற்பத்தெட்டு. மேசைக்கு மேலே இருந்த ஒலிபெருக்கியில் கெலெராவின் குரல் எப்போதும்போல் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. அங்கே எல்லோரும் அதை மழைச்சத்தம் மாதிரி கேட்காமல் கேட்டுப் பழகியவர்கள்.

"அடுத்த பாட்டு ஒரு முரட்டுக் கிழவருக்கு," என்றது குரல். "லம்பாசா ஆஸ்பத்திரில ஜன்னலோரப் படுக்கை. கஞ்சி குடிக்க மாட்டேன், மீன் கொண்டான்னு நர்ஸுங்களோட சண்டை போடுறாராம். அப்பா, கேக்குதா? சனிக்கிழமைக் கப்பல்ல வரேன். அதுக்குள்ள எழுந்து உக்காந்திருக்கணும், சொல்லிட்டேன்!"

கிதார் ஒலி எழுந்தது.

அகோசிதா அக்கா கையிலிருந்த பேனாவுக்கு மூடியை மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார். அறையில் இருந்த பதினோரு பேரும் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அதற்குள் அவள் தெரிவாள் என்பதுபோல.

"அவளுக்குத் தெரியாது," என்றேன். என் குரல் எனக்கே பின்னாலிருந்து கேட்டது.

நாடு முழுவதற்கும் தெரியும். இந்தக் கட்டடத்தின் நாலு தளங்களுக்கும் மதியத்திலிருந்தே தெரியும். அவள் படியேறி வந்தபோது வாயிற்காவலர் தலை குனிந்து வழிவிட்டார். தேநீர் போடும் இடத்தில் அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. எல்லோரும் அவள் துணிச்சலை மனதுக்குள் மெச்சினோம். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டு, ஒரு மகளைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருந்தோம்.

"மணி என்ன?" என்றார் அக்கா.

"நாலு நாப்பத்தொன்பது."

"அஞ்சு மணிச் செய்தியை இன்னிக்கு யார் வாசிக்கிறா?"

கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது. மாலை நிகழ்ச்சியில் இருப்பவரே வாசிப்பார். ஐந்து நிமிடம் முன்னதாகத் தாள் தானாக அவள் திரையில் விரியும். முதல் வரியில் அவள் அப்பாவின் பெயர்.

அக்கா மூன்றாம் மாடியைத் தொலைபேசியில் பிடித்தார். வெளியே போன செய்தியைத் திரும்ப எடுக்கும் அதிகாரம் அங்கே ஒருவருக்குத்தான் உண்டு.

"ரது வதிலியாய் செய்தியை எடுங்க. இப்பவே."

எதிர்முனையில் அவர் கத்தியது எனக்கே கேட்டது. "எடுத்தா நாலுலேயும் போயிடும்மா! இன்னிக்குப் பெரிய செய்தியே அதுதான். தப்பாயிடுச்சா? ஆள் உயிரோட இருக்காரா?"

"இல்ல. செய்தி சரிதான்."

"அப்புறம் எதுக்கு?"

"கெலெராவுக்குத் தெரியாது."

"ஒரு ஆளுக்காக நாலு மாடியையுமா?" என்றார், கோபமே இல்லாமல்.

"ஆமா. ஒரு ஆளுக்காக."

நான் படிகளில் இறங்கி ஓடினேன். வானொலி ஸ்டூடியோவின் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் எங்கள் தொலைக்காட்சி ஒலியில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் அப்போது ரது வதிலியாய் நிறைந்திருந்தார். மரப்பட்டைத் துணி உடுத்தி, ஏதோ ஒரு விழாவில், கெலெராவின் அதே அகன்ற சிரிப்போடு. கெலெரா அவருக்கு முதுகு காட்டி, தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டுக்கு ஏற்ப நாற்காலியை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை திரும்பினால் போதும்.

நான் மின்வடத்தைப் பிடுங்கினேன்.

அவள் திரும்பினாள். கையில் வடத்தோடு நின்ற என்னைப் பார்த்து, பைத்தியமா என்று நெற்றியருகே விரலைச் சுழற்றிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று நான் செய்த காரியங்களில் என்னால் இன்னும் மறக்க முடியாதது அந்தச் சிரிப்புதான்.

ஸ்டூடியோவுக்கு வெளியே சின்ன மேசையில், நேயர்களின் அழைப்புகளை எடுத்து உள்ளே அனுப்பும் விலியாமே உட்கார்ந்திருந்தான். மூன்று விளக்குகளும் மின்னிக்கொண்டிருந்தன.

"பதினேழு பேரை வெட்டிட்டேன்டா," என்றான் மெதுவாக. "எல்லாரும் அழுதுக்கிட்டே பேசணும்கறாங்க. பாவம், வேலையையாவது நிம்மதியா பாக்கட்டும்னு ஒருத்தரையும் உள்ள விடல."

"விலி, அவளுக்கு இன்னும் தெரியாது."

அவன் என்னைப் பார்த்தான். கண்ணாடிக்குள் பார்த்தான். "அப்போ அந்தப் பாட்டு..." என்றவன் வாயைக் கையால் மூடிக்கொண்டான்.

"அவ போன்?"

"ஸ்டூடியோக்குள்ள அணைச்சுத்தானே வெக்கணும். ரெண்டு மணிக்கே அணைச்சுட்டா."

"ஒரு அழைப்பையும் உள்ள விடாதே."

அகோசிதா அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். காதில் கைபேசி. கெலெரா குடியிருக்கும் நசினுவில் பக்கத்து வீட்டுப் பெண்ணை எப்படியோ பிடித்துவிட்டிருந்தார். அந்தப் பெண் சொன்னதிலிருந்துதான் எல்லாம் விளங்கியது. கெலெராவுக்குச் சொல்ல வேண்டியவர் இங்கே சுவாவிலேயே இருக்கும் அவளுடைய சித்தப்பா. பதினொன்றரைக்கே பல்லோடு வந்துவிட்டார். கெலெராவுக்கு எப்போதும் காலை வேலைதான், ஒரு மணிக்கு வீட்டில் இருப்பாள். ஆனால் இன்று சக அறிவிப்பாளர் ஒருத்தியின் மகனுக்குப் பள்ளி விளையாட்டு விழா என்று வேலையை மாற்றிக்கொண்டிருந்தாள். காலையில் கடைத்தெருவுக்குப் போய், அப்படியே இங்கே வந்துவிட்டாள். சித்தப்பா பூட்டிய வீட்டின் முன்னால் பாயில் உட்கார்ந்து ஐந்து மணி நேரமாகக் காத்திருக்கிறார். அலுவலகத்துக்கு வந்து சொல்லக்கூடிய சேதியா அது? கூப்பிட்டுச் சொல்லக்கூடியதா?

அந்தப் பெண் கைபேசியைச் சித்தப்பாவிடம் கொடுத்தாள். அக்கா இங்கே ஒலியைக் கூட்டிவிட்டார். எனக்கும் கேட்டது.

"சித்தப்பா, மன்னிக்கணும்," என்றார் அக்கா. "நாங்க தப்புப் பண்ணிட்டோம்."

"பக்கத்து வீட்டுப் பிள்ளை போன்ல காட்டுச்சும்மா. எங்க அண்ணன் படத்தை." கிழட்டுக் குரல், நிதானமானது. "நான் மடியில பல்லை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், அவ என்கிட்ட அண்ணன் படத்தைக் காட்டுறா."

"நாங்க அவகிட்ட சொல்லிடட்டுமா? யாராவது சட்டுன்னு..."

"வேண்டாம்." குரல் முதல் தடவையாக உடைந்தது. "நாடு முழுக்கச் சொல்லிட்டீங்க. எனக்கு அந்த ஒருத்தியையாவது விட்டு வைங்கம்மா. டாக்சி வந்துடுச்சு. நான் வரேன். அதுவரைக்கும் யாரும் வாய் திறக்காதீங்க. அவ அப்பா சேதி அவளுக்கு மெஷின் வழியா போகக் கூடாது."

நாலு ஐம்பத்தைந்து. கண்ணாடி வழியாக அவள் திரை மாறுவது தெரிந்தது. தாள் விரிந்தது. அகோசிதா அக்கா என் தோளைப் பிடித்தார். அவர் நகம் சட்டைக்குள் இறங்கியது.

கெலெரா குனிந்து படித்தாள். புருவத்தைத் தூக்கினாள். எங்களைப் பார்த்து, இதெல்லாம் ஒரு செய்தியா என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினாள்.

ஐந்து மணி இசை முடிந்தது. "ராக்கிராக்கி சாலையில் இரண்டு கரும்பு லாரிகள் மோதிக்கொண்டதில்..." என்று அவள் வாசிக்கத் தொடங்கியபோது விலியாமே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அக்கா சுவரில் சாய்ந்தார். கரும்பு லாரிகளுக்காக நான் அவ்வளவு நன்றி சொன்னது வாழ்நாளிலேயே அன்றுதான். யாருக்கும் பெரிய அடி இல்லையாம்.

வானிலை. கடல் அலை. பிறகு நாலு நிமிட விளம்பரம். சித்தப்பாவின் டாக்சி இன்னும் சமபூலா தாண்டவில்லை என்று அக்காவின் கைபேசி சொன்னது. நாற்பது நிமிடம் ஆகலாம். அவளுடைய நிகழ்ச்சியோ ஆறு மணி வரை. முடியும்வரை அவள் உள்ளேயே இருந்தால் போதும். பாட்டுகள், விளம்பரங்கள், மூடிய கதவு. நாடெங்கும் அவளுக்காக அழுதுகொண்டிருந்தார்கள், அவள் குரலைக் கேட்டபடியே. எந்தக் கனவிலும் எனக்கு அப்படி ஒரு காட்சி வந்ததில்லை.

கதவு திறந்தது.

கெலெரா தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து நின்றாள். ரொட்டியின் மஞ்சள் இன்னும் அவள் கட்டைவிரல் நகத்தில் இருந்தது.

"என்ன அக்கா, பெரிய ஆளுங்க எல்லாம் கீழே வந்துட்டீங்க? என்னை வேலையை விட்டுத் தூக்கப் போறீங்களா?" என்றாள். "விலி, ஏன்டா தூங்கற? அரை மணி நேரமா ஒரு அழைப்பைக்கூட உள்ள விடல. ஊர்ல எல்லாரும் செத்தா போயிட்டாங்க?"

விலியாமே தலையைத் தூக்கவில்லை. அகோசிதா அக்கா கைபேசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"சரி விடு," என்று கெலெரா என் பக்கம் திரும்பினாள். பையிலிருந்து கசங்கிய சீட்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவளே மடக்கினாள்.

"பிரஷ், ஒரே ஒரு உதவி பண்ணுடா. இது லம்பாசா வார்டு நம்பர். அந்தக் குண்டு சிஸ்டர்தான் எடுக்கும், நல்ல பொம்பளை. போனை எங்கப்பா காதுல வெக்கச் சொல்லு. அடுத்த பாட்டுக்கு முன்னாடி அவரை நேரலைல இழுத்துடலாம். என்னைத் திட்டட்டும், நாடே கேக்கட்டும். ரெண்டு நிமிஷம்தான் இருக்கு, போடுடா."