எல்லாரும் அணைங்க

சனிக்கிழமை மாலையானால் கீலுங் துறைமுகத்துக்கு மேலே உள்ள குன்றில் டார்ச் பிரியர்கள் கூடிவிடுவார்கள். எதிர்ப்பக்கப் பாறை வரை யாருடைய வெளிச்சம் போகிறது என்று பார்ப்பதுதான் விளையாட்டு.

ஷூஃபென் அன்று தானே பாகங்களைப் பூட்டிச் செய்த டார்ச்சோடு வந்திருந்தாள். சைக்கிள் கடையில் வாயைத் திறக்காமல் வேலை செய்கிறவள் அவள், இங்கேயும் அப்படித்தான். கூடவே வந்திருந்த அவளுடைய நாய் தோஹுவாவை எல்லோருக்கும் தெரியும். அவளைத்தான் அவ்வளவாகத் தெரியாது.

"எடு தங்கச்சி, நிலாவுக்குக் கண் கூசுதான்னு பாப்போம்," என்றார் பஸ் ஓட்டும் ஆலாய்.

"முதல்ல உங்க டப்பாவப் பாருங்கண்ணே. சூடு தாங்காம மங்கிப்போய் நிக்குது," என்றாள் மருந்துக்கடை யூமெய்.

சிரிப்புக்கு நடுவே தீய்ந்த வாடை வந்தது. ஷூஃபெனின் பையிலிருந்து புகை. பையில் போடுமுன் டார்ச்சின் பின்மூடியைக் கால் திருகு தளர்த்திவிட வேண்டும். அப்போதுதான் பொத்தான் அழுந்தினாலும் எரியாது. வந்த உற்சாகத்தில் மறந்திருந்தாள். உள்ளேயே எரிந்து, பையிலிருந்த மேல்சட்டையைப் பொசுக்கியிருந்தது.

நாயின் கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பையை அடித்து அணைத்தாள். புகைக்கு மிரண்ட தோஹுவா நாணலுக்குள் பாய்ந்தது.

நாணல் முடியும் இடத்தில் சரிவு. அதன் கீழே கடல். தோஹுவாவுக்குக் காது கேட்காமல் போய் இரண்டு வருடமாகிறது, கூப்பிட்டுப் பயனில்லை.

எல்லோரும் டார்ச்சை முழு வெளிச்சத்தில் போட்டார்கள். கடலிலிருந்து ஏறியிருந்த மெல்லிய பனிமூட்டத்தில் அத்தனை வெளிச்சமும் கலந்து, சரிவு பால் கொட்டியதுபோல் வெளுத்தது.

"அதோ!"

"அது கல்லுண்ணே."

ஷூஃபெனுக்குத் தவறு புரிந்தது. நாயின் கண் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். நம் கண்ணை ஒட்டி ஒரே ஒரு விளக்கு இருந்தால் நாயின் கண் பளிச்சென்று தெரியும். இத்தனை பேர் இடுப்புயரத்தில் பிடித்து அடித்தால் பனிதான் தெரியும்.

"அணைங்க," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

"எல்லாரும் அணைங்க!"

ஆலாய் திகைத்தார். "அணைக்கவா? இதுக்குத்தானேம்மா வாங்கினோம்?"

"நீங்க பெருமையடிக்க வாங்கினீங்க. அவ சொல்றா இல்ல, அணைங்கண்ணே," என்றாள் யூமெய்.

ஒவ்வொன்றாக அணைந்தன. ஷூஃபென் சாவிக்கொத்தில் இருந்த சின்ன டார்ச்சை நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டு மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

இரண்டு பச்சைப் புள்ளிகள். சரிவின் விளிம்பிலேயே.

அவை அசையவில்லை. கிட்டே போனால் தோஹுவா பின்வாங்கிவிடும். கண்ணில் வெளிச்சம் அடிக்கும்போது இந்தப் பக்கம் நிற்பது யாரென்று அதற்கு எப்படித் தெரியும்?

டார்ச்சைத் தன் முகத்துக்கே திருப்பினாள்.

கண் கூசி, எதுவும் தெரியாமல் போயிற்று. பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் தன்னையே பார்ப்பது மட்டும் உறைத்தது. கன்னம் சுட்டது. கையை இறக்கவில்லை.

நாணல் சரசரத்தது. நின்றது. மறுபடி சரசரத்தது.

முழங்காலில் ஈரமாக ஒரு மூக்கு வந்து இடித்தது. டார்ச்சை அணைத்துவிட்டு நாயைக் கட்டிக்கொண்டாள்.

"இப்பப் போடலாமா தங்கச்சி?" ஆலாய் ரகசியம்போல் கேட்டார்.

சரியென்று தலையாட்டினாள். இருட்டில் அது யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள்.