கருப்பனுக்கு வைத்த பூண்டு

சேனாதிபதிக்குக் கையெழுத்து அழகாக அமைந்ததுதான் வினையாகப் போயிற்று. மலையூரான பூண்டியில் பூண்டும் கேரட்டும் போடுகிறவர்களில் பிரஷ் பிடிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். உரக்கடைப் பலகையிலிருந்து கல்யாண வரவேற்பு வரை எல்லாம் அவன் எழுத்து. ஆகவே காட்டுப்பாதையில் நடவேண்டிய பதினோரு பெயர்ப்பலகைகளும் அவன் தலையில் வந்து விடிந்தன.

பலகை கேட்டது மலைப்பழங்குடிகளான பளியர் குடியிருப்பின் வன உரிமைக் குழு. அந்தப் பாதை காலங்காலமாகத் தாங்கள் புழங்கியது என்று அவர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை அதிகாரிகள் நேரில் நடந்து பார்க்க வருகிறார்கள். காட்டுவதற்கு அவர்களிடம் பட்டாவா இருக்கிறது, பத்திரமா இருக்கிறது? ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓடைக்கும் அவர்கள் வைத்த பெயர்தான் சாட்சி. பெயர் நிலைத்தால் பாதை அவர்களுடையது.

சேனாதிபதி வேலையைச் சுலபமாக முடிக்கப் பார்த்தான். குழுவின் செயலாளர் இருளாயியை டீக்கடையில் பிடித்து, "பதினோரு பேரையும் வெரசாச் சொல்லு. வீட்டுல வச்சே எழுதிக் கொண்டாந்து தாரேன்" என்றான். அவனுக்கு நாற்பத்தொன்று. அவளுக்கும் ஏறக்குறைய அதே வயது. ஆனாலும் ஊர் வழக்கப்படி அவன் அவளை நீ என்பான், அவள் அவனைச் சாமி என்பாள். அவனுக்கு அது உறைத்ததே இல்லை. அவளுக்கு உறைத்ததா என்று யாரும் கேட்டதும் இல்லை.

"இங்கெருந்து சொல்ல மாட்டோம் சாமி" என்றாள் இருளாயி. "அந்தந்த எடத்துல நின்னு, தரையத் தொட்டுத்தான் பேரைச் சொல்லணும். அதான் எங்க வழக்கம்."

"ஒரு சோலிய ஒம்பது சோலியா ஆக்குறியே" என்று அலுத்துக்கொண்டான். அலுத்துக்கொண்டவன்தான் வியாழக்கிழமை வெள்ளனே எழுந்து, பலகைகளையும் பெயின்ட் டப்பாக்களையும் குதிரையில் ஏற்றிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

பத்துப் பலகைகள் வெறும் வெள்ளையாக இருந்தன. ஒன்றில் மட்டும் முதல் நாளே எழுதி முடித்திருந்தான்: கருப்பன் பாறை. அதற்கு ஒருத்தி வந்து தரையைத் தொட்டுச் சொல்லவேண்டுமா என்ன? ஏழு வயதிலிருந்து அவனுக்குத் தெரிந்த பாறை அது. பூண்டு பிடுங்கும்போதெல்லாம் முதல் கட்டை அவன் அம்மா குப்பம்மாள் அவனிடம் கொடுத்தனுப்புவாள். "பாறையில கருப்பன் இருக்கான். வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும்" என்பாள். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு சேலையும் போகும். மீசை முறுக்கிய கருப்பனுக்குச் சேலை எதற்கு என்று அந்த மகாபுத்திசாலி ஒருநாளும் யோசித்ததில்லை.

வழியெல்லாம் இருளாயி குனிந்து மண்ணைத் தொட்டாள், பெயர் சொன்னாள், அவன் எழுதினான். கரடிசறுக்கி. கம்பளிதொலைச்சான். ஒரு ஓடைக்கு மாமியா உக்காந்தா என்று பெயர். "எதுக்கு உக்காந்தாளாம்?" என்று கேட்டான். "மருமக மேல கோவம். மூணு நாள் எந்திரிக்கலையாம்" என்றாள். சேனாதிபதி சிரித்ததில் எழுத்தின் கால் ஒன்று கோணிவிட்டது, துடைத்துவிட்டு மறுபடி எழுதினான். வானத்திலிருந்து இறங்கிய பெயர் ஒன்றுகூட இல்லை. யாருக்கோ ஏதோ நடந்திருக்கிறது, நடந்ததை மறக்கக்கூடாது என்று இடத்தின்மேலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பத்து முடிந்து பாறைக்கு வந்தபோது உச்சிப்பொழுது. முன்பக்கம் குடைந்தாற்போல ஒரு புடவு, பத்துப் பேர் மழைக்கு ஒண்டலாம். அவன் எழுதி வைத்திருந்த பலகையைக் குதிரையிலிருந்து இறக்கினான். இருளாயி அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இங்க கருப்பன் இல்லீங்களே சாமி."

"இல்லாமலா? அப்ப முப்பத்துநாலு வருசமா நான் வச்ச பூண்ட யாரு எடுத்தா?"

"நாங்கதான்" என்றாள் அவள், கொஞ்சங்கூடக் கூசாமல்.

சேனாதிபதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாமிக்கு வைத்ததைத் தின்றுவிட்டு இப்படிச் சொல்கிறாளே என்று வாயைத் திறப்பதற்குள் அவள் பாறைமேல் உள்ளங்கையை வைத்துவிட்டாள்.

"பால்குடிச்சான்" என்றாள்.

"இது என்ன பேரு? எவன் குடிச்சான்?"

"நீங்கதான்."

அவன் கையிலிருந்த பிரஷ்ஷிலிருந்து பெயின்ட் செருப்பின்மேல் சொட்டியது.

இருளாயி நின்றபடியே சொன்னாள். கைக்குழந்தையோடு பிறந்த வீட்டிலிருந்து காட்டுவழியாகத் திரும்பிக்கொண்டிருந்த குப்பம்மாளை மழை பிடித்துக்கொண்டது. ஓடை இரண்டு பக்கமும் பெருகிவிட்டது. காய்ச்சலில் பால் வற்றிப்போய், அழக்கூடத் தெம்பில்லாத பிள்ளையோடு அந்தப் புடவில் விழுந்து கிடந்தவளை, தேனெடுக்க வந்த இருளாயியின் அப்பனும் அம்மாவும் கண்டார்கள். அம்மா மாசியாயிக்கும் அப்போது கைக்குழந்தை.

"நாலு நாளு. ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் நான். எங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். நான் ஒங்களுக்கு ரெண்டு மாசம் மூத்தவ. நீங்கதான் நெறையக் குடிச்சீங்களாம்."

"இத்தன வருசம் எனக்கு ஏன் சொல்லல?"

"இந்த எடத்துல நின்னாத்தான் சொல்லலாம். நீங்க திரும்பிப் பாக்காமயே போயிட்டீங்க."

சேனாதிபதி பாறையின் உச்சிக்கு ஏறினான். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். அம்மாவைக் கூப்பிட்டான். "அம்மா, இருளாயி இந்தப் பாறைக்குப் பேரு சொல்லிட்டா" என்றான்.

"ஏலே, தெரிஞ்சிருந்தா ஒங்கய்யா வீட்டுல என்னையச் சேத்திருக்க மாட்டாகடா. ஒன்னையும்தான். பளியச்சி பாலுன்னு ஒதுக்கியிருப்பாக" என்றாள் குப்பம்மாள். "கருப்பன்னு சொன்னேன். வேறெப்படிக் குடுத்தனுப்புவேன்?" அப்புறம் குரல் இறங்கியது. "அந்தச் சேலையெல்லாம் அவ கட்டுனாளான்னு கேளு."

அவன் மேலிருந்தே கேட்டான். "கடைசி வரைக்கும் அதுகளத்தான் கட்டுச்சு. பச்சச் சேலையோடதான் அனுப்பி வச்சோம்" என்றாள் இருளாயி. அதைச் சேனாதிபதி போனில் அப்படியே திருப்பிச் சொன்னான். நாற்பது வருடமாகத் தான் நடமாடுவதே யாரோ ஒருத்தி கொடுத்த நடமாட்டம் என்று நினைக்க நினைக்க, பட்ட கடனைவிடப் பெற்ற அன்புதான் அவனை உலுக்கியது.

இறங்கி வந்து பலகையின் எழுத்தை டர்பன்டைன் துணியால் அழித்தான். வெள்ளை அடித்தான். காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நாளைக்குச் சித்தப்பா ஞானவேல் வருவார், ஊர்ப் பெரியமனிதர்கள் வருவார்கள், எல்லார் முன்னாலும் அதிகாரி இந்தப் பெயரைப் படிப்பார். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மற்ற பத்தைவிடப் பெரிய எழுத்தில் எழுதினான்.

வெள்ளிக்கிழமை அதிகாரி ஒவ்வொரு பலகையாக நின்று கேட்டுக்கொண்டே வந்தார். கரடியும் மாமியாரும் ஒருவழியாக அவர் நோட்டில் ஏறினார்கள். கடைசிப் பலகையில் பேனாவை மூடினார்.

"எல்லாம் எப்பவோ நடந்த கதையா இருக்கே. நேர்ல சாட்சி சொல்ல உசுரோட ஒரு ஆளாவது இருக்காங்களா?"

குடியிருப்புக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சேனாதிபதியின் பெயரை ஊர் முன்னால் இழுக்க இருளாயிக்கு மனமில்லை.

"நான் இருக்கேன் சார்" என்றான் சேனாதிபதி. "பால் குடிச்சவன் நான்தான். குடுத்தது இவங்க அம்மா. இல்லேன்னா பலகை எழுத இன்னைக்கு நான் இல்ல."

ஞானவேல் சித்தப்பா, "என்னடா பேசுற" என்று பல்லைக் கடித்தார். அவன் காதில் வாங்கவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்து, அவன் முழுப்பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

குதிரையின் மேலிருந்த சாக்கிலிருந்து சேனாதிபதி ஒரு கட்டுப் பூண்டை எடுத்தான். இந்தப் போகத்தின் முதல் கட்டு. வழக்கம்போலப் பாறைமேல் வைக்கப் போகிறான் என்று இருளாயி ஒதுங்கி வழி விட்டாள். அவன் அவளிடம் வந்தான்.

"அக்கா, அம்மா குடுத்துவிட்டுச்சு. வாங்கிக்கங்க" என்று இரண்டு கையாலும் நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள். அவன் அங்கேயே நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.