கடைசியாக வெளியேறுகிறவர்

கஜேந்தினி அந்த நோட்டீஸ் கட்டை, மேலங்கிகள் தொங்கிய கம்பிக்குக் கீழே காலால் தள்ளிவிட்டாள். முந்நூறு மரண அறிவித்தல், பளபளக்கும் தாளில். நாலு மூலையிலும் மல்லிகை, ஒரு ஓரத்தில் எரிகிற குத்துவிளக்கு, நடுவில் இருபத்தொரு வயது வெர்னன் விமானியின் தோல் சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தார். கீழே இருந்த எழுத்தை வாசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

"என்ன பிள்ளை, ஒளிக்கிறியோ?"

அப்பா நித்தியானந்தன் பின்னால் நின்றார். கறுப்புக் கோட்டு, நெற்றியில் திருநீறு.

"அப்பா, இது சேர்ச். உங்கட சங்க மண்டபம் இல்லை."

"செத்தவீட்டில நோட்டீஸ் இல்லாட்டிச் சனம் என்ன கதைக்கும்? சம்பந்தி பகுதிக்கு மரியாதை செய்ய வேண்டாமோ?"

"சம்பந்தி பகுதிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது."

"அப்ப படத்தைப் பாக்கட்டும்."

வெர்னன் அவளுடைய கணவன் ரேட்டோவின் தாத்தா. நூற்றிரண்டு வயதில் போனவர். உலகப்போர்க் காலம், நாற்பத்து நாலாம் ஆண்டு, இரண்டு இயந்திரம் நின்றுபோன அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தை எப்படியோ சுவிஸ் மண்ணில் கொண்டுவந்து இறக்கி, இங்கேயே குடியேறியவர். உயிரோடிருந்த ஏழு பேரும் இறங்கி, செத்த இரண்டு பேரையும் இறக்கிய பிறகுதான் தான் இறங்கினாராம். அந்தப் பழக்கம் எண்பது வருடமாக விடவில்லை. வீடோ உணவகமோ, கதவைப் பிடித்துக்கொண்டு தலைகளை எண்ணியபடி நிற்பார். எல்லோரும் போன பிறகே வெளியேறுவார். பனிக்காலத்தில் வீடே குளிர்ந்துபோகும். மகள் மார்கிரிட், ரேட்டோவின் தாய், கதவைச் சாத்தச் சொல்லிக் கத்துவாள். அவர் அசையமாட்டார்.

கல்யாணப் பேச்சின்போது அப்பா கேட்ட முதல் கேள்வி, "குண்டு போட்டவரோ?" என்பதுதான். அப்பா சாவகச்சேரியில் விமானக் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் படுத்தெழும்பியவர். கஜேந்தினி கூசிக் கூசி மொழிபெயர்த்தாள். வெர்னன் மழுப்பவில்லை. பத்தொன்பது தரம் போட்டேன், கீழே ஆட்கள் இருந்தார்கள் என்றார். அதற்கொரு சமாதானமும் சொல்லவில்லை. அப்பா தன் தட்டிலிருந்த மீன் ரோலை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் வெர்னன் அவள் கையில் ஒரு கடதாசித் துண்டை வைத்தார். பென்சிலில் ஒன்பது பெயர்கள், விமானத்தில் அவரோடு இருந்தவர்கள். என்னைப்பற்றி ஒன்றும் வேண்டாம், இவர்களைச் சத்தமாக வாசித்துவிடு என்றார். வாசிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். துண்டு தொலைந்துவிடக்கூடாதே என்று படமெடுத்து, விளக்கம் ஒன்றும் எழுதாமல், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவைத்தாள்.

மார்கிரிட் அச்சடித்த நிகழ்ச்சிநிரலில்தான் இடமில்லை. ஏற்கெனவே மூன்று பேச்சு, அமெரிக்கத் தூதரகத்துக்காரருக்கு நாலு மணிக்கு ரயில், என்று சொல்லிவிட்டாள்.

பேச்சுகள் தொடங்கின. நகரசபைப் பிரமுகர் 'வானத்துச் சிங்கம்' என்றார். அந்தச் சிங்கத்துக்கு ஏணியில் ஏறினால் தலை சுற்றும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தூதரகத்துக்காரர் வாசித்த கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த செத்தவீட்டுக்கும் ஆகும். விமான வரலாற்றுக் கழகத் தலைவர் சிறகின் நீளம், இயந்திரத்தின் குதிரைவலு என்று இருபத்திரண்டு நிமிடம் பறந்தார். அவருடைய விமானத்தில் நாலு இயந்திரம் இருந்தது. ஆள் ஒருவரும் இல்லை.

முடிவுப் பாட்டை வாசிக்க ஓர்கன்காரர் கையைத் தூக்கினார். இப்போது விட்டால் இனி இல்லை. கஜேந்தினி எழும்பினாள். மார்கிரிட் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கஜேந்தினி மறுபடி இருந்துவிட்டாள். துண்டை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அப்பா நோட்டீசும் கையுமாக முன்னே போய், கோயில் திருவிழாவில்போல் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"அமெரிக்கா ஒகையோவைப் பிறப்பிடமாகவும், சுவிஸ் துன் நகரை வதிவிடமாகவும் கொண்ட..."

கஜேந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். மார்கிரிட்டின் கழுத்து சிவந்தது.

"அன்னார், காலஞ்சென்றவர்களான பிராங்க் டிலூக்கா, ஓரின் சாண்ட்பேர்க், லூயிஸ் பெக்கம்..."

கஜேந்தினி சட்டென்று துண்டை விரித்தாள். பென்சில் வரிசை ஒன்றுகூட மாறாமல் அப்பா போய்க்கொண்டிருந்தார். தமிழ் விளங்காத அந்தக் கூட்டத்துக்குப் பெயர்கள் விளங்கின. தூதரகத்துக்காரர் மணிக்கூட்டைப் பார்ப்பதை நிறுத்தினார். சின்ன வயதில் வெர்னன் தூக்கத்தில் சொல்லக் கேட்டிருந்தாளோ என்னவோ, ஏழாவது பெயருக்கு மார்கிரிட்டின் உதடும் சேர்ந்து அசைந்தது.

"...ஆகியோரின் பாசமிகு சகோதரரும் ஆவார்."

அப்பா வந்து பக்கத்தில் இருந்தார்.

"பிள்ளை, நீ குறூப்பில போட்ட லிஸ்டைத்தான் போட்டனான். ஒன்பதும் ஆம்பிளைச் சகோதரம், என்ன? ஆனா ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு குடும்பப்பேராக் கிடக்கு. அமெரிக்காவில அப்பிடியோ?"

அவள் துண்டை மடித்தாள்.

"ஓம் அப்பா. அப்பிடித்தான்."

நிகழ்ச்சிநிரலின்படி சாம்பல் கலசம் முன்னே போக, பிரமுகர்கள் பின்னே போகவேண்டும். ஆனால் பக்கத்து மண்டபத்திலிருந்து கோப்பி மணத்தது, ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. பிரமுகர்கள் முந்திக்கொண்டார்கள். கஜேந்தினி போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொருவராக அவளைக் கடந்து போனார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. குளிர் உள்ளே வந்தபடி இருந்தது. மார்கிரிட் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. அவளும் கடந்து போனாள்.

கடைசியாக ரேட்டோ கலசத்தோடு வந்தான்.