டார்ச் யார் கையில்

கார்ட்டூனில் பேக்டரிக்குக் காவல் நிற்கிற ஜாகாவுக்கு என் நடை இருந்தது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறான். கேட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கிறான், கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அலாமாக், அப்படியே நீங்கதான். தொப்பை மட்டும் கம்மி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் ரூபினி லாப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஆளைப் பார்க்கிறவள் சும்மா வந்திருக்க மாட்டாள். அவளுக்கு ஜொகூர் பாருவில் படம் வரைகிற கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் உலு திராமில் எங்கள் வீட்டுக்கு வருகிறாள், கையில் எனக்குப் பிடித்த மசால்வடை வேறு. சந்தேகம் வராதா?

இந்தக் கதை முதலில் கேமாக வந்தது. போன வருசம் அதை என் கையில் கொடுத்து, "நீங்கதான்பா ஜாகா, ஆடிப் பாருங்க" என்றாள். அதில் ஜாகாவின் முகமே தெரியாது. அவன் கையும் டார்ச்சும்தான் தெரியும். பேக்டரியில் செம்புக் கம்பி காணாமல் போகிறது, எல்லாரும் அவனைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், எடுத்தவனை அவன் கண்டுபிடிக்க வேண்டும். பூட்டை இழுத்துப் பார்க்காமல் போனால் தோற்றுவிடுவோம். விவரம் தெரிந்தவள் செய்தது என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

தம்போயில் ஒரு பேக்டரியில் நானும் ஜாகாவாக இருந்தவன். அங்கேயும் கம்பிதான் காணாமல் போனது. நான் எடுக்கவில்லை. எடுத்தாய் என்று யாரும் சொல்லவுமில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான். திருடன் என்று சொல்லியிருந்தால் இல்லை என்றாவது சொல்லியிருப்பேன். அப்போது ரூபினி நாலாம் வகுப்பு. ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகள் அவளிடம் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

"எப்படிப்பா இருக்கு?"

"மழை நல்லா இருக்கு" என்றேன். பொய்யில்லை. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம், சாயங்கால வெளிச்சம், கேட்டு ஆணியில் தொங்குகிற, பையில் கட்டின பொட்டலத் தேத்தண்ணி, ஒன்றையும் குறை சொல்ல முடியாது. "ஆனா எல்லாரும் ரொம்பப் பேசுறானுங்க. கேம்ல யாரும் இவ்ளோ பேசலையே. சூப்பர்வைசர் ஏன் கோவமா இருக்கான்னு அவன் வாயாலயே சொல்லணுமா? மூஞ்சியப் பாத்தா தெரியாதா?"

"அதேதான் நானும் சொன்னேன்."

"இந்த ஜாகாவுக்கு எதுக்கு மூஞ்சி வெச்சீங்க? முழிக்கிற முழியே சரியில்ல."

அவள் படத்தை நிறுத்தினாள். ஜாகா பாதித் திரும்பின முகத்தோடு அப்படியே நின்றான்.

"அடுத்த பாகத்துல கம்பி எடுத்தது இவன்தான்னு வரணுமாம். யாரும் எதிர்பாக்க மாட்டாங்களாம்."

"யாரு சொன்னா?"

"கதை எழுதுறவங்க. மூஞ்சி வரையறது நான். செய்றேனா இல்லையான்னு நாளைக்குச் சொல்லணும்."

இதற்குத்தான் வடை. கஸ்தூரி எழுந்து போய்த் தேத்தண்ணிக்கு வைத்திருந்த அடுப்பை அணைத்தாள்.

"கேம்ல அவன் எடுக்கலையே" என்றேன்.

"கேம்ல டார்ச் ஆடுறவங்க கையில இருக்குப்பா. எடுக்கலன்னு அவங்களுக்கே தெரியும். இதுல வெளிய நின்னுதான் பாக்குறாங்க. யார வேணும்னாலும் திருடனாக்கலாம்."

"என்னைய நீ எங்க நின்னு பாத்த?"

அவளுக்குப் புரிந்தது. லாப்டாப் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நான் சின்னப் புள்ளப்பா அப்ப."

இது ஒரு பதிலா? பெற்ற பிள்ளை அப்பா எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்ல இவ்வளவு நேரமா?

"அந்த கேம நான்தான்பா செஞ்சேன்" என்றாள்.

"இதையும் நீதான செய்யப்போற."

"இன்னும் சரின்னு சொல்லல."

"சொல்லலன்னா?"

"போதும் லா" என்றாள் கஸ்தூரி. "வந்த புள்ளைய நிக்க வச்சு போலீஸ் மாதிரி கேட்டுக்கிட்டு. வடை ஆறுது, தின்னுங்க."

தின்றோம். ஜாகா லாப்டாப்பிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் பொறுத்து ரூபினி அதை மூடினாள்.

இருட்டுகிற நேரத்தில் கிளம்பினாள். கேட்டைச் சாத்தி, பூட்டி, இழுத்துப் பார்த்தேன். ரோட்டோரம் காரைத் திறந்தவள் என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள். மறந்துவிட்டுப் போனதை எடுக்க வருகிறாள் என்று சாவியை எடுத்தேன். அவள் வெளியிலிருந்து கேட்டுக் கம்பிக்கு நடுவே கையை விட்டுப் பூட்டைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்க்காமலே போனாள்.

காரைத் திருப்பும்போது முன்விளக்கு கேட்டுக்கு நேரே வந்து நின்றது. வெளிச்சம் டார்ச் மாதிரி என் முகத்தில் அடித்தது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையால் மறைக்காமல், அப்படியே நின்றேன். பூட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கார் உடனே நகரவில்லை.