படத்தொகுப்பு: சான்று தேவை

அந்தப் பொய்யை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் துப்புத் துலக்கிக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், என் மருந்துக்கடையில் ஒரு மத்தியானம். ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய அந்தக் கலைக்களஞ்சியத்தில் 'ஈரச்சுவர்' என்ற பழைய படத்துக்கு ஒரு கட்டுரை தொடங்கினேன். பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெட்டி வரும்: இயக்கம், ஒளிப்பதிவு, இசை, படத்தொகுப்பு. முதல் மூன்றும் எனக்குத் தெரியும். நான்காவது தெரியாது. கிடைக்கிற ஒரே பிரதியில் முதல் பத்து நிமிடம் இல்லை, பெயர்கள் ஓடும் பகுதியும் அதோடு போயிற்று. அந்த ஓர் இடம் மட்டும் விழுந்த பல் மாதிரி காலியாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த இயக்குநரின் அடுத்த இரண்டு படங்களுக்கும் ஒரே ஆள்தான் எடிட்டர், பெரிய பெயர். இதுவும் அவராகத்தான் இருக்கும் என்று அவர் பெயரைப் போட்டேன். சும்மா போடவில்லை, 'சுவரின் ஈரத்தையே பேச வைத்த தொகுப்பு' என்று ஒரு வரி அளந்தும் விட்டேன். இருமல் மருந்து கேட்டு ஒருவர் வந்தார். எழுந்து போனேன். அதோடு மறந்தும் போனேன்.

இந்த வருடம் அந்தக் கட்டுரை முதற்பக்கத்துக்குத் தேர்வாயிற்று. திங்கட்கிழமை வெளியாகும், அதற்குள் வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். கட்டுரைகளைச் சரிபார்க்கும் எங்கள் குழு, தளத்தில் அறிவித்தபடி, சனிக்கிழமைகளில் நூலகத்தின் மூன்றாம் மாடியில், ஒரே ஒரு ப்ளக் மட்டும் வேலை செய்யும் அறையில் கூடும். குழு என்றால் மூன்று பேர். வக்கீல், நிஜமாகவே வக்கீல்; விதிகளைச் சொல்ல ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டார். டீச்சர், எங்கு சண்டை வந்தாலும் நடுவில் போய் நிற்பவர். மூன்றாவது நான், என்னை 'மருந்து' என்பார்கள். ஆதாரம் இல்லாத வரியைப் பார்த்தால் 'சான்று தேவை' என்று அதன் தலையில் ஒரு முத்திரை குத்துவோம். அதில் வக்கீலுக்குத் தனி ருசி.

அன்று பதினோரு மணிக்கு ஓர் அம்மா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். எழுபதை நெருங்கும் வயது. மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்கும்வரை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராக முறைத்தார்.

"நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் அழிச்சது யாரு?"

"நான்தான்மா," என்றார் வக்கீல். "உரையாடல் பக்கத்துல 'படத்தை வெட்டினது நான், பேரை மாத்துங்க'ன்னு எழுதினது நீங்களா?"

"பின்னே என் ஆவியா?"

டீச்சர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னார். அவர் வெட்டியது அந்த ஒரே படம். பதினோரு மாதம், ஜன்னல் இல்லாத அறையில். அதற்குப் பிறகு பெண் எடிட்டருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. ஒரு தபால் அலுவலகத்தில் சேர்ந்து அங்கேயே ஓய்வும் பெற்றார்.

"அதுக்கெல்லாம் நான் அழல. போன மாசம் என் மருமக போன்ல தேடிப் பாத்துட்டு, 'அத்தை, இதுல வேற யாரோ பேருல்ல இருக்கு'ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. நாப்பது வருஷமா வீட்டுல சொல்லிட்டிருக்கேன். ஒரு நிமிஷத்துல என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க. திங்கக்கிழமை ஊருக்கே காட்டப் போறீங்களாமே?"

வக்கீல் பொறுமையாகத்தான் பேசினார். அந்தப் பொறுமைதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. "அம்மா, உங்க மேல சந்தேகம் இல்ல. ஆனா நீங்க உங்களைப் பத்திச் சொல்றதை நாங்க எடுத்துக்க முடியாது. அச்சுல வந்திருக்கணும். அந்தப் பெரிய எடிட்டர் பேருக்கு அச்சுல சான்று இருக்கு. பாருங்க." ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு வாரப் பத்திரிகையின் பக்கத்தைத் திரையில் திறந்தார்.

எட்டிப் பார்த்தேன். 'சுவரின் ஈரத்தையே பேச வைத்த தொகுப்பு.'

என்னுடைய வரி. என் மத்தியான ஜோடனை. பத்திரிகைக்காரர் எங்கள் கட்டுரையைப் பார்த்து எழுதியிருக்கிறார்; நாங்கள் இப்போது அவரையே சாட்சிக்கு இழுத்துக்கொண்டிருக்கிறோம். நாங்களே அவிழ்த்துவிட்ட பொய் ஊர் சுற்றிவிட்டு, அச்சு மை பூசிக்கொண்டு, எங்கள் வீட்டுக்கே ஆதாரமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஒன்பது வருடத்தில் இருநூறு கட்டுரைகளைச் சரிபார்த்தவள் என்ற பெயர் எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

"படம் இருக்கா இதுல?" என்று கேட்டார் அந்த அம்மா. "போடுங்க. எங்கேருந்து வேணாலும். சத்தத்தை நிறுத்திடுங்க." நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். "எப்ப ஆரம்பிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. எந்த இடம்?"

"மாடிப்படில அந்தப் பொண்ணு வாளியோட ஏறுறா," என்றார் டீச்சர்.

படம் ஓடியது. அந்த அம்மா மேசையில் ஒரு விரலால் தட்டினார். திரையில் காட்சி மாறியது. மறுபடி தட்டினார், மாறியது. நீளமான இடங்களில் விரல் காற்றில் காத்திருந்தது. சண்டைக் காட்சியில் மழையாகப் பொழிந்தது. முதலில் நாங்கள் எண்ணினோம், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம். ஓட ஆரம்பித்து ஏழாவது நிமிடத்தில் ஓர் இடத்தில் தட்டினார், காட்சி மாறவில்லை.

"இது தப்பு," என்றார் வக்கீல்.

"கதாநாயகன் ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டே இருக்கானா? நான் அங்கதான் வெட்டினேன். டைரக்டர் நான் சாப்பிடப் போன நேரத்துல திரும்ப ஒட்டிட்டாரு. சனியன் பிடிச்ச ஷாட்டு, இன்னும் நிக்கறானா பாருங்க."

நின்றுகொண்டுதான் இருந்தான். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "அம்மா, என் மனசுக்கு நீங்கதான். ஆனா நாங்க கண்ணால பாத்ததும் சான்று ஆகாது."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "சார், அந்தப் பத்திரிகை எங்கேருந்து எடுத்துச்சு தெரியுமா? என்கிட்டேருந்து. நான் குருட்டாம்போக்குல போட்ட பேரு அது. பழைய பதிப்புல தேதி இருக்கு, பாத்துக்குங்க."

அந்த அம்மா என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் கணினியை இழுத்து அந்தப் பெயரை அழித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த வக்கீல் தன் கணினியில் அதைத் திரும்பப் போட்டார். "நீங்க சொல்றதும் வாய்வார்த்தைதான், மருந்து. அச்சுல இருக்கறது நிக்கட்டும், முதல்ல விவாதிப்போம்." மறுபடி அழித்தேன். மறுபடி போட்டார்.

"ஒரே மேசையில உக்காந்துக்கிட்டா?" என்று தலையில் அடித்துக்கொண்டார் டீச்சர்.

எங்கள் விதி இது: ஒருவர் திருத்தியதை ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் மாற்றினால் தள நிர்வாகிகள் உள்ளே வர முடியாதபடி அடைத்துவிடுவார்கள். மூன்றாவதும் அழித்தேன். அவரும் மூன்றாவது தடவை போட்டார். "வேணாம்மா. இத்தனை வருஷப் பேரு, கெடுத்துக்காதீங்க," என்றார், நிஜமான கவலையோடு.

"கெட்டது அந்தம்மா பேரு சார். என் பேரு இன்னும் கொஞ்சம் கெடணும்." நான்காவது தடவை அழித்தேன். உரையாடல் பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். அரை மணி நேரத்தில் என்னை ஒரு வாரத்துக்கு அடைத்தார்கள். சரிபார்ப்பவள் என்ற தகுதியும் போயிற்று. சண்டை நடக்கும் கட்டுரை முதற்பக்கத்துக்கு ஆகாது என்று 'ஈரச்சுவ'ரையும் தள்ளி வைத்தார்கள்.

கீழே இறங்கும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, கைப்பிடிச் சுவரைத்தான் பிடித்துக்கொண்டார். "இப்ப காலியா இருக்கு. அவன் பேரு இல்ல, சரி. என் பேரும் இல்லையே. நீ எழுதின பொய்யை அந்தப் பத்திரிகைக்காரன் அச்சடிச்சான்ல? உண்மையை எழுதிக் குடு. அதையும் அடிக்கட்டும்."

பத்திரிகைக்கு நான் எழுதிய கடிதத்தை வீட்டில் படித்த என் கணவர், "உன் மானத்தை நீயே கப்பலேத்தறியா? நம்ம கடைக்கு வர்றவங்க படிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"படிக்கட்டும். மாத்திரையை மாத்திக் குடுத்துட்டா சும்மா இருப்பேனா? தெருவுல ஓடிப் போய்த் திரும்ப வாங்க மாட்டேன்?"

பத்திரிகை முதல் இரண்டு கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. தங்கள் நிருபர் காப்பியடித்தார் என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனசு வரும்? மூன்றாவதை எடுத்துக்கொண்டு நானே போய் அவர்கள் வரவேற்பறையில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். கடைசியில் ஓர் உதவியாசிரியை வந்தார். ஆள் கெட்டிக்காரி, என் பேச்சையும் நம்பவில்லை, அந்த அம்மா பேச்சையும் நம்பவில்லை. 'ஈரச்சுவர்' நாயகி இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று கண்டுபிடித்து அவரிடமே போய்க் கேட்டார். நாயகி, "அவளா? என் நல்ல சீன் ரெண்டை வெட்டினவளாச்சே, மறப்பேனா?" என்றாராம்.

மூன்று வாரம் கழித்துத் திருத்தம் வந்தது, நாற்பத்தாறாம் பக்கத்தில் கால் பத்தி. அந்த அம்மாவின் பெயர், நாயகியின் வாக்குமூலம், என் பெயர், என் கடையின் பெயர்கூட. காலையில் கட்டுரையைத் திறந்தேன். படத்தொகுப்பு என்ற இடத்தில் அந்த அம்மாவின் பெயர் ஏற்கெனவே ஏறியிருந்தது, பக்கத்தில் சான்று எண்ணோடு. போட்டவர் வக்கீல், காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு. போன் செய்தேன். "சான்று வந்துச்சு, போட்டேன்," என்றார். அவரைக் கட்டிக்கொள்வதா, நாலு சாத்து சாத்துவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். மருமகள்தான் கதவைத் திறந்தார். வாங்கி, நின்றபடியே படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"அத்தை, நீங்கதான்னு போட்டிருக்கு."

"நானும் அதைத்தானேடி சொன்னேன்."

மருமகள் எனக்குத் தேநீர் போட உள்ளே போனார். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கால் பத்தியைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எதற்காகக் காத்து நிற்கிறேன் என்று என்னைவிட முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நன்றின்னு சொல்வேன்னு பாக்கறியா? சொல்ல மாட்டேன். என்கிட்ட எடுத்ததை என்கிட்டயே குடுத்திருக்கே."

"ஆமாம்மா," என்றேன்.

"உக்காரு. டீ குடிச்சுட்டுப் போ."

உட்கார்ந்தேன்.